வடக்குச் சுவரின் ஓட்டை

1979 செப்டம்பர் 16
கப்பலில், ஹ்யூரான் ஏரி

என் சைமாவுக்கு,

நல்லபடியாகக் கப்பல் வந்து சேர்ந்தேன். கொதிகலன் அறையில் அதே பழைய முகங்கள், அதே பழைய வேர்வை. சுத்தியல் பட்ட கட்டைவிரல் நகம் கறுத்து விழுந்துவிட்டது. சுவருக்குக் கொடுத்த காணிக்கை என்று வைத்துக்கொள்.

மூன்று வார விடுமுறையை இப்படிச் சுவரோடு மல்லுக்கட்டிக் கழித்தவன் இந்தக் கப்பலில் நான் ஒருவன்தான். மற்றவர்கள் மீன் பிடித்த கதை சொல்கிறார்கள், நான் நுரை அட்டைக் கதை சொல்கிறேன். உன் அப்பா அடித்த பழைய தேவதாருப் பலகைகளைக் கழற்றியபோது, ஒரு விரலை விட்டு ஆட்டும்படி எத்தனை விரிசல்கள், பார்த்தாய் அல்லவா? முப்பது வருடமாக நீங்கள் வீட்டையா சூடாக்கினீர்கள், காட்டையல்லவா சூடாக்கினீர்கள்! இப்போது சுற்றிலும் ஒரு அங்குலக் கனத்தில் நீல நுரை அட்டை. இணைப்புகளில் எல்லாம் ஒட்டுநாடா. அதன் மேல் வெள்ளை வெளிப்பலகை. காற்றுக்கு இனி நம் வீட்டில் வேலை இல்லை.

உர்ஹோ ஏணியைப் பிடித்துக்கொண்டு, "நீ வீட்டுக்குச் சுவர் வைக்கலடா ஆர்வோ, ஐஸ் பெட்டி செய்யுற" என்று கிண்டல் செய்தானே, பனிக்காலம் வரட்டும், அவனே வந்து நம் வீட்டில் உட்கார்ந்து காபி குடிப்பான். பக்கத்து வீட்டுக்காரன் பொறாமையில்தான் ஒரு வீட்டின் பெருமை இருக்கிறது.

வடக்குச் சுவரில், சமையலறை ஜன்னலுக்குக் கீழே, கணப்பு உலை வைத்தவன் அந்தக் காலத்தில் போட்ட ஒரு ஓட்டை இருந்தது. உன் அப்பா ஏதோ பழைய துணியை உள்ளே திணித்து அடைத்திருந்தார். அதை அப்படியே விட்டு, மேலே அட்டையை அடித்துவிட்டேன். இனி அதன் வழியாக ஒரு துளி குளிர் வராது. தையல் மெஷினையும் நிலவறையில் உலைக்குப் பக்கத்தில் இறக்கி வைத்திருக்கிறேன். விரல் விறைக்காமல் தைக்கலாம்.

முதல் குளிர் வந்ததும் ஒரு மெழுகுவத்தி ஏற்றிச் சுவரோரம் பிடித்துப் பார். சுடர் ஆடுகிறதா என்று எழுது. ஆடாது.

உன் ஐஸ் பெட்டிக்காரன்,
ஆர்வோ


அக்டோபர் 7
கூஸ் கிரீக், மேல் மிச்சிகன்

அன்புள்ள ஆர்வோ,

உன் கடிதம் வந்தது. டெட்ராயிட் ஆற்றில் தபால் படகு உங்கள் கப்பலோடு ஒட்டிக்கொண்டு ஓடி வாளியில் கடிதம் தரும் என்று நீ சொன்னதை நான் முதலில் நம்பவில்லை. என் கடிதம் ஏரியில் விழாமல் உன்னிடம் வந்தால் சரி.

போன வாரம் உலையைப் பற்றவைத்தேன். மெழுகுவத்தி பிடித்தேன். சுடர் ஆடவில்லை. பள்ளிக்கூடப் பிள்ளை போல நிமிர்ந்து நின்றது. போதுமா உன் பெருமை?

வீடு வெதுவெதுப்பாக இருக்கிறது, பொய் சொல்ல மாட்டேன். சட்டையில்லாமல் சுற்றலாம், சுற்றவில்லை. ஆனால் ஒன்று சொல்கிறேன், சிரிக்காதே. வீடு ரொம்பவும் அமைதியாகிவிட்டது. முன்பெல்லாம் வடக்கிலிருந்து காற்றடித்தால் சுவர் முழுக்கப் பேசும். சின்ன வயதிலிருந்து அந்தச் சத்தத்தில்தான் தூங்கியிருக்கிறேன். இப்போது வெளியே மரங்கள் ஆடுவது தெரிகிறது, காதில் ஒன்றும் விழவில்லை. சுவர் தடித்துவிட்டதால் ஜன்னல்களும் உள்ளே போய்விட்டன. நோயாளிக்குக் கண் குழி விழுந்த மாதிரி இருக்கிறது, வெளியிலிருந்து பார்த்தால்.

காலையில் ஜன்னல் கண்ணாடிகளில் தண்ணீர் வழிகிறது. துண்டு வைத்துத் துடைக்கிறேன். ஜெரேனியம் செடி இலை கொட்டுகிறது. எனக்கும் மூன்று நாளாகத் தலைவலி, தலையைச் சுற்றி யாரோ கயிறு கட்டி இறுக்குகிற மாதிரி. தையலை நிறுத்தக் கூடாது, கூட்டுறவுக் கடைக்கு நாற்பது ஜோடி குளிர்க்கையுறை நவம்பருக்குள் வேண்டுமாம்.

உர்ஹோ வந்து எப்போதும் போல அஸ்திவாரத்தைச் சுற்றி வைக்கோல் கட்டுகளை அடுக்கிக் கொடுத்தான். "இனி இது தேவையா?" என்றேன். "பழக்கம்னு ஒன்னு இருக்குல்ல, சைமா" என்றான். எந்த ஓட்டையைக் கண்டாலும் எதையாவது திணிக்காவிட்டால் நம் ஊர்க்காரனுக்குத் தூக்கம் வராது.

உடம்பைப் பார்த்துக்கொள். நகம் முளைத்துவிட்டதா?

உன்,
சைமா


அக்டோபர் 19
கப்பலில், துலூத் துறை

என் சைமாவுக்கு,

சுடர் ஆடவில்லை என்ற வரியை இங்கே நான்கு பேருக்குப் படித்துக் காட்டினேன். அந்த வரியை மட்டும்.

ஜன்னலில் தண்ணீர் வழிவது நல்லதுக்குத்தான். சூடு வெளியே போகாமல் உள்ளேயே நிற்கிறது என்று அர்த்தம். தலைவலி ஒட்டுநாடாவின் பசை வாசனையாக இருக்கும். இரண்டு வாரத்தில் போய்விடும். அதற்காக ஜன்னலைத் திறந்து வைக்காதே, நான் நகத்தைக் கொடுத்து அடைத்ததை நீ ஒரு நிமிடத்தில் வெளியே விட்டுவிடாதே.

அமைதிக்குப் பழகிக்கொள். இங்கே என் காதில் எந்நேரமும் இயந்திரம். நம் வீட்டு அமைதியை நினைத்தால் எனக்கு ஏக்கமாக இருக்கிறது.

ஆர்வோ


நவம்பர் 4
கூஸ் கிரீக்

அன்புள்ள ஆர்வோ,

இரண்டு வாரம் ஆகிவிட்டது. தலைவலி போகவில்லை.

இதை எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாளாக யோசித்தேன். உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது? எனக்குப் பயமாக இருக்கிறது. நிலவறையில் யாரோ நடக்கிறார்கள். நான் மேலே இருந்தால் கீழே கேட்கிறது. நான் கீழே தைத்துக்கொண்டிருந்தால் என் முதுகுக்குப் பின்னால் யாரோ உட்கார்ந்திருக்கிறார்கள் என்று தோன்றுகிறது. திரும்பிப் பார்த்தால் உலைதான் இருக்கிறது. ஒரு முறை கத்தரிக்கோலைக் கையில் பிடித்துக்கொண்டே திரும்பினேன்.

அடுப்பில் உருளைக்கிழங்கை வைத்துவிட்டு மறந்து பாத்திரத்தைக் கருக்கினேன். கடையில் எல்மாவின் பெயர் வரவில்லை. பிறந்ததிலிருந்து தெரிந்த எல்மா! மிர்ரி வீட்டுக்குள் வர மாட்டேன் என்கிறது. உலைக்குப் பக்கத்தில் தவிர வேறெங்கும் தூங்காத பூனை, இப்போது வாசலில் நின்று என்னைப் பார்த்துவிட்டுப் போய் சௌனா நீராவிக் குளியல் குடிலில் படுத்துக்கொள்கிறது. அது என்னிடம் எதையோ பார்க்கிறது, ஆர்வோ.

அம்மாவுக்கு இப்படித்தான் ஆரம்பித்தது. உனக்கு முழுதாகச் சொன்னதில்லை. எனக்கு அப்போது ஒன்பது வயது. அப்பா பனிக்காலம் முழுக்க மரம் வெட்டும் முகாமில் இருப்பார், ஞாயிறுதான் வருவார். அம்மா நாள் முழுக்க நிலவறையில் ஊருக்கெல்லாம் துணி வெளுப்பாள். முதலில் தலைவலி என்றாள். அப்புறம், "என் ஏப்ரன யாரோ எடுத்துட்டாங்க" என்று ஆரம்பித்தாள். பூப்போட்ட நீல ஏப்ரன் அது, வேலை செய்யும்போது கட்டிக்கொள்கிற முன்துணி. வீடு முழுக்கத் தேடுவாள். அப்புறம், "கீழ யாரோ உக்காந்திருக்காங்க, சைமா, நீ போகாத" என்றாள். கோடையில் சரியாகிவிடுவாள், பாடுவாள். பனி விழுந்தால் மறுபடியும். மூன்றாவது பனிக்காலத்தில் அப்பா தாளில் கையெழுத்துப் போட்டார். பெரிய பைத்தியக்கார ஆஸ்பத்திரி வண்டி வந்தது. வண்டியில் ஏறும்போதுகூட ஏப்ரனைத்தான் கேட்டாள். அங்கேயே இருந்து அங்கேயே செத்துப்போனாள்.

அம்மாவை ஏற்றிக்கொண்டு போனபோது அவளுக்கு நாற்பத்தொரு வயது. எனக்கு இந்த நவம்பரில் நாற்பத்தொன்று.

எனக்கு ஒரே ஒரு சத்தியம் செய்து கொடு. என்ன ஆனாலும் என்னை அங்கே அனுப்பாதே. எழுத்தில் வேண்டும்.

சைமா


நவம்பர் 13
கப்பலில், சுப்பீரியர் ஏரி

என் சைமாவுக்கு,

சத்தியம். எழுத்தில் கேட்டாய், எழுதுகிறேன்: நான் உயிரோடு இருக்கும்வரை உன்னை அங்கே அனுப்ப மாட்டேன்.

நேற்று துலூத்தில் இறங்கித் தொலைபேசிக்காக அரைமணி வரிசையில் நின்று உன்னைக் கூப்பிட்டேன். நினைவிருக்கிறதா? நீ உன் வீட்டாரின் பின்னிஷ் மொழியில் பேசினாய், சின்னப் பெண் குரலில். "அப்பாவா? அம்மா கீழ இருக்கா, கூப்பிடவா?" என்று கேட்டாய். பின்னால் நின்றவன், "சீக்கிரம் பேசுப்பா" என்றான், நான் அவனை அடிக்கப் போனேன்.

உர்ஹோவிடம் தினமும் உன்னைப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். கையுறைகள் கிடக்கட்டும். நன்றாகச் சாப்பிடு, கதகதப்பாக இரு, வெளியே போய்க் குளிரில் நிற்காதே. ஜனவரியில் ஏரி உறைந்ததும் வந்துவிடுவேன். அதுவரை பல்லைக் கடித்துக்கொள், கண்ணே.

ஆர்வோ


நவம்பர் 20

ஆர்வோ,

உர்ஹோ ஒரு மான் தொடை கொண்டுவந்து கொடுத்தான். நல்ல தொடை. வெளியே குளிர், நீ சொன்னபடி கதவையெல்லாம் மூடித்தான் வைத்திருக்கிறேன். கதவுக்கு அடியில் துண்டு திணித்திருக்கிறேன்.

கீழே இருப்பது அம்மா. முகம் காட்டவில்லை. ஏப்ரனைக் கேட்கிறாள். என்னிடம் இல்லை என்று சொன்னேன். சுவருக்குள் இருக்கிறது என்கிறாள். நீ எடுத்தாயா?

உர்ஹோ ஒரு மான் தொடை கொண்டுவந்து கொடுத்தான்.

நேற்று எங்கே இருந்தேன் என்று தெரியவில்லை. விழித்தபோது முற்றத்தில் பனியில் முழங்கால் போட்டிருந்தேன், காலில் செருப்பு இல்லை. சிரிப்பாக இருந்தது. ஏனென்றால் அங்கே தலை வலிக்கவில்லை. உர்ஹோ கோட்டைப் போர்த்தி உள்ளே கொண்டுவந்து உலைக்குப் பக்கத்தில் உட்காரவைத்தான். மறுபடியும் வாந்தி.

நீ சத்தியம் செய்திருக்கிறாய். தாள் என் தலையணைக்கு அடியில் இருக்கிறது.

உர்ஹோ ஒரு மான்


நவம்பர் 29
கப்பலில், மார்க்கெட் நகரத் துறை

சைமா,

இந்தக் கடிதம் உன்னை ஆஸ்பத்திரியில் வந்து சேரும்.

நான் கையெழுத்துப் போட்டேன்.

உர்ஹோ துறைமுகத்துக்கே டாக்டரின் தாளோடு வந்தான். பனியில் வெறுங்காலோடு இரண்டாம் முறையும் உன்னைக் கண்டெடுத்தானாம். "அடுத்த தரம் நான் பாக்காமப் போயிட்டா என்ன பண்ணுவ? பனி உருகற வரைக்கும் அவள நீ பாக்க முடியாது" என்றான். பேனாவையும் அவனே நீட்டினான். கப்பலில் இரும்புத் தாது ஏற்றுகிற சத்தத்தில் எனக்கு வேறொன்றும் கேட்கவில்லை. கப்பல் இரண்டு மணி நேரத்தில் கிளம்ப வேண்டும். போட்டேன்.

கப்பலை விட்டு இறங்கி வந்திருக்கலாம். வரவில்லை. உன்னை அந்த நிலையில் பார்க்கப் பயந்தேன், அதுதான் உண்மை. பதினைந்து நாளுக்கு முன் செய்த சத்தியம். என்னைத் திட்டு. எழுதித் திட்டு, ஆனால் எழுது.

ஆர்வோ


டிசம்பர் 8
ஆஸ்பத்திரி, மூன்றாம் மாடி

ஆர்வோ,

எழுதச் சொன்னாய், எழுதுகிறேன். என் கையெழுத்தைப் பார், கோணவில்லை. நீ போட்ட கையெழுத்தையும் காட்டினார்கள். அதுவும் கோணவில்லை.

மூன்றாம் நாளே என் தலை தெளிந்துவிட்டது. எல்மா பெயர் வந்தது, எல்மாவின் புருஷன் பெயர் வந்தது, அவன் நமக்குத் திருப்பித் தராத ஏணி வரைக்கும் ஞாபகம் வந்தது. காலடிச் சத்தம் இல்லை. வாந்தி இல்லை. இரண்டு தட்டு உருளைக்கிழங்கு சாப்பிடுகிறேன். டாக்டர் தன் மாத்திரையின் மகிமை என்கிறார். முதல் இரண்டு நாள் மாத்திரையே தரவில்லை, ஆள் இல்லை என்று நர்ஸ் சொன்னாள். நான் வாயைத் திறக்கவில்லை. இங்கே வாயைத் திறக்காமல் இருப்பவர்கள்தான் வீட்டுக்குப் போகிறார்கள்.

இந்தக் கட்டிடம் கிழடு. ஜன்னல் சட்டமெல்லாம் இற்றுப்போய் என் கட்டிலுக்கு மேலே இரவும் பகலும் காற்று உள்ளே ஊதுகிறது. கம்பளிக்கு மேல் பனித்தூள் விழுகிறது. மரக்கட்டை போலத் தூங்குகிறேன்.

நான் ஏன் பயப்படுகிறேன் தெரியுமா? நான் நன்றாக இருக்கிறேன் என்பதால்தான். அம்மாவும் இங்கே வந்தவுடன் நன்றாகத்தான் இருந்தாளாம். பழைய நர்ஸ் ஒருத்தி இருக்கிறாள், அவளுக்கு அம்மாவை ஞாபகம் இருக்கிறது. "லெம்பியா? தங்கமான பொம்பள. முதல் வருஷம் ரெண்டு தரம் வீட்டுக்கு அனுப்பினோம். ரெண்டு தரமும் ஒரு வாரத்துல திருப்பிக் கொண்டுவந்து விட்டுட்டாங்க. அப்புறம் அனுப்பறதையே நிறுத்திட்டோம்" என்றாள். கட்டிடத்துக்குப் பின்னால் சரிவில் கற்கள் இருக்கின்றன, பெயர் கிடையாது, எண்தான். அம்மா 318. போய்ப் பார்த்தேன்.

என்னைப் பதினைந்தாம் தேதி வீட்டுக்கு அனுப்புகிறார்கள். சந்தோஷப்பட வேண்டும். இரவெல்லாம் விரல் விட்டு எண்ணிக்கொண்டிருக்கிறேன், ஒரு வாரம், ஒரு வாரம் என்று.

உன்னை மன்னித்துவிட்டேன் என்று எழுத வரவில்லை. எழுதவில்லை.

சைமா


டிசம்பர் 16, மாலை
கப்பலில், சுப்பீரியர் ஏரி

சைமா, சைமா,

இதைப் படிக்க நீ இருக்கிறாயா என்று தெரியாமல் எழுதுகிறேன்.

உன் கடிதம் நேற்று கையில் கிடைத்தது. இன்று காலை புயல். அலை மேலே வந்து ஐஸாக உறைகிறது. மேல்தளத்து ஆள் ஒருவன், பனித்தண்ணீர் கீழே எங்கள் மேல் கொட்டக் கூடாது என்ற நல்லெண்ணத்தில், கொதிகலன் அறைக்குக் காற்று வரும் குழாய் வாய்களைத் தார்ப்பாய் போட்டு இறுக்கிக் கட்டிவிட்டான். கீழே கதகதப்பாக ஆனது. நல்லதுதான் என்று நினைத்துக்கொண்டோம். கொஞ்ச நேரத்தில் உலைத்தீ மஞ்சளாகிச் சோம்பியது. என் தலையைச் சுற்றி யாரோ கயிறு கட்டி இறுக்குகிற மாதிரி வலி. பக்கத்தில் இருந்த மெக்ரேடி சுவரைப் பிடித்துக்கொண்டு வாந்தியெடுத்தான். தலைமை எஞ்சினியர் கதவை உதைத்துத் திறந்து கத்தினார்: "எவன்டா மூடினது? தீயும் மூச்சு விடணும்டா முட்டாள்களா! அதுக்குக் காத்து இல்லன்னா விஷத்த உங்க மேலயே துப்பும். நிறம் கெடையாது, வாசன கெடையாது, தூங்கிக்கிட்டே போய்ச் சேந்துருவீங்க!"

இருபது வருடம் கொதிகலனுக்கு முன்னால் நின்றவன் நான். எனக்குத் தெரியாததா இது? தெரியும். கப்பலில் தெரியும். வீட்டில் ஓட்டையைக் கண்டால் அடைக்கத்தான் தெரியும்.

அந்த வடக்குச் சுவர் ஓட்டை, உலை மூச்சு விடுவதற்கு. உன் அப்பா அதை அடைத்தார். பிறகு பலகைகள் சுருங்கி விரிசல் விட்டதால் வீடு தானாகவே மூச்சு விட்டுக்கொண்டது, உலையும் பிழைத்தது, நீயும் பிழைத்தாய். அந்த விரிசல்களைத்தான் நான் ஒன்றுவிடாமல் மூடினேன். நாடா ஒட்டி மூடினேன். சுடர் ஆடவில்லை என்று ஊருக்குச் சொன்னேன். உன்னை உலைக்குப் பக்கத்திலேயே உட்காரவைத்தேன். ஜன்னலைத் திறக்காதே, வெளியே நிற்காதே என்று எழுதினேன். பூனைக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை.

நீ நேற்று வீட்டுக்குத் திரும்பியிருப்பாய். வீடு குளிர்ந்து கிடக்கிறதே என்று உலையை முழுதாக ஏற்றியிருப்பாய்.

கேப்டனின் காலில் விழாத குறை. ரேடியோவில் கரைக்குச் செய்தி அனுப்பினார். நம் தொலைபேசி எடுக்கவில்லை. உர்ஹோ வீட்டுக் கம்பி புயலில் அறுந்துவிட்டதாம். போலீஸ் ஷெரீபுக்குச் சொல்லி ஆள் அனுப்புவதாகக் கரையிலிருந்து பதில் வந்தது. அதற்கப்புறம் ஐந்து மணி நேரமாக ரேடியோவில் இரைச்சல்தான். ஏணியில் ஏறி ஏறிப் போய்க் கேட்கிறேன். "வந்தா சொல்ல மாட்டோமா, ஆர்வோ" என்கிறார்கள்.

எனக்குச் சாமி கும்பிடத் தெரியாது, உனக்கே தெரியும். இன்று கும்பிட்டேன். வெளியே போ, சைமா. பனியில் போய் நில். செருப்பில்லாவிட்டாலும் பரவாயில்லை.

ஆர்வோ


டிசம்பர் 21
கூஸ் கிரீக்

ஆர்வோ,

இருக்கிறேன். முதலில் அதைத் தெரிந்துகொள். ஷெரீப் ஆபீஸ் தந்தி உனக்குக் கிடைத்திருக்கும், ஆனாலும் என் கையெழுத்தில் நீ பார்க்க வேண்டும்.

பதினைந்தாம் தேதி மத்தியானம் கொண்டுவந்து விட்டார்கள். நீ நினைத்தபடியே உலையை முழுதாக ஏற்றினேன். இருட்டுவதற்குள் கயிறு இறுக ஆரம்பித்தது. பயத்தில் அழுதேன், ஒரு வாரம்கூட எனக்குக் கொடுக்கவில்லையே என்று. கதவைத் திறந்தால் மிர்ரி படியில் உட்கார்ந்திருந்தது. என் காலில் உரசியது, மடியில் ஏறியது, தூக்கிக்கொண்டு வாசலைத் தாண்டப் போனேன், கையைப் பிறாண்டிவிட்டுத் துள்ளிக் குதித்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. இது என்னைக் கண்டு பயப்படவில்லை. பனியில் எனக்குத் தலை வலிக்கவில்லை. காற்று ஊதுகிற ஆஸ்பத்திரியில் வலிக்கவில்லை. பைத்தியம் எனக்கில்லை, வீட்டுக்குப் பிடித்திருக்கிறது.

ஒரு மெழுகுவத்தி ஏற்றிக்கொண்டு கீழே போனேன். நீ சொல்லிக்கொடுத்த பரீட்சைதான். உலையிலிருந்து புகைக்குழாய் கிளம்பும் இடத்தில் ஒரு சின்ன வாய் இருக்கிறதே, அங்கே பிடித்தேன். சுடர் உள்பக்கம் இழுபட வேண்டும். அது என் பக்கம் சாய்ந்தது, ஆர்வோ. யாரோ எதிரே உட்கார்ந்து என் முகத்தில் ஊதுகிற மாதிரி. அம்மா சொன்ன ஆள் இதுதான்.

உலையை அணைத்தேன். சௌனாவில் விறகு மூட்டிப் பூனையோடு படுத்தேன். தொலைபேசி அடித்திருந்தாலும் எனக்கு அங்கே கேட்டிருக்காது. விடிந்து புயல் கொஞ்சம் தணிந்ததும் உன் கோட்டைப் போட்டுக்கொண்டு, கோடாலியை எடுத்துக்கொண்டு, வடக்குப் பக்கம் போனேன். உன் முதல் கடிதத்தில் அந்த ஓட்டை இருக்கும் இடத்தை எழுதியிருந்தாய், அதற்கு நன்றி. வைக்கோலை இழுத்துப் போட்டேன். வெள்ளைப் பலகை இரண்டு போட்டில் தெறித்தது. உன் நீல அட்டைதான் விடவில்லை, நன்றாகத்தான் அடித்திருக்கிறாய்.

அப்போது ஷெரீபின் ஆள் வந்து நின்றான். புதுசு, நம் ஊரான் இல்லை. அவன் பார்த்ததை நினைத்துப் பார். நேற்று ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவள், ஆம்பளை கோட்டில், தன் வீட்டுச் சுவரையே கோடாலியால் வெட்டிக்கொண்டிருக்கிறாள்.

"அம்மா, கோடாலியக் கீழ போடுங்க" என்றான்.

"போட முடியாது. இன்னும் ஒரு முழம் இருக்கு."

"ரொம்பக் குளிருது. வாங்க, வண்டியில உக்காந்து பேசலாம்."

"அந்த வண்டியில நான் ஒரு தரம் உக்காந்தாச்சு" என்றேன். அவன் ஒரு அடி எடுத்து வைத்திருந்தால் கோடாலியை என்ன செய்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. அவன் கையும் இடுப்புக்குப் போனது. ஆனால் எடுத்தது ஒரு தாள். கையுறையைப் பல்லால் கழற்றிவிட்டுப் படித்தான். படித்துவிட்டுச் சுவரைப் பார்த்தான். மறுபடியும் தாளைப் பார்த்தான்.

"உங்க வீட்டுக்காரர் கப்பல்லேர்ந்து சொல்லி அனுப்பிருக்காரு. 'உலையை அணை. வெளியே போ. வடக்குச் சுவரை உடை. நீ பைத்தியம் இல்லை.' அப்படின்னு இருக்குங்க."

"கடைசி வரிய இன்னொரு தரம் படிங்க" என்றேன்.

படித்தான். அதற்கப்புறம் கோடாலியை என் கையிலிருந்து வாங்கி மிச்சத்தை அவனே வெட்டினான்.

ஆக, உன் செய்தி வருவதற்கு முன்பே நான் பிழைத்துவிட்டேன். ஆனால் அது வந்திராவிட்டால் அவன் என்னை ஏற்றிக்கொண்டு போயிருப்பான், இந்த முறை நான் திரும்பி வந்திருக்க மாட்டேன். இரண்டையும் சொல்லிவிடுகிறேன். எதையும் மறைக்க எனக்கு இப்போது தெம்பில்லை.

ஓட்டைக்குள் அப்பா திணித்திருந்த துணியை இழுத்தேன். முப்பத்தொரு வருடக் கரி. பனியில் உதறினேன். நீலம். பூப்போட்டது. பையில் அம்மாவின் கைத்தையல், அந்தத் தையலை எங்கே பார்த்தாலும் எனக்குத் தெரியும்.

அவள் தேடினாள், ஆர்வோ. மூன்று வருடம் தேடினாள். அப்பா ஒரு ஞாயிற்றுக்கிழமை குளிர் அடிக்கிறதென்று கைக்குக் கிடைத்ததை எடுத்து அடைத்திருப்பார், மறந்திருப்பார். பிறகு அவள் ஏப்ரனைக் கேட்டபோதெல்லாம், "பாரு, உங்கம்மாவுக்கு முத்திப் போச்சு" என்று என்னிடம்தான் சொன்னார். நானும் நம்பினேன். அவளிடம், "ஏப்ரனே கெடையாதும்மா, பேசாம இரு" என்று ஒன்பது வயதில் அதட்டியிருக்கிறேன்.

ஓட்டைக்கு உர்ஹோ கம்பிவலை அடித்துக் கொடுத்தான். முகத்தைப் பார்க்காமல் வேலை செய்தான், பாவம். குளிர் வருகிறது, வரட்டும். தையல் மெஷினை மேலே ஏற்றியாயிற்று. மிர்ரி உலைக்குப் பக்கத்தில் தூங்குகிறது.

ஜனவரியில் கப்பலைக் கட்டிப் போட்டதும் நேரே வீட்டுக்கு வராதே. முதலில் ஆஸ்பத்திரிக்குப் பின்னால் இருக்கும் சரிவுக்குப் போ. மண்வாரி கொண்டுபோ, எல்லாக் கல்லும் பனிக்கு அடியில் இருக்கும். 318ஐத் தேடி எடு. ஏப்ரன் சுவரில் இருந்தது, கிடைத்துவிட்டது என்று அவளிடம் சொல். நான் போய்ச் சொல்லலாம், சொல்வேன். ஆனால் கையெழுத்துப் போட்ட ஒருவன் வந்து சொல்ல வேண்டும். அப்பா இல்லை. நீ இருக்கிறாய்.

அதைச் செய்துவிட்டு வா. காபி வைத்திருக்கிறேன்.

லெம்பியின் மகள்,
சைமா